நாலடி உயர டிரெய்லருக்கு ஒரு விண்டோ ஏசி

ஹூஸ்டனின் ஜூலை இரவும் சென்னையின் மே இரவும் அண்ணன் தம்பிதான். மணி பதினொன்று ஆனாலும் புழுக்கம் இறங்காது. அப்படி ஓர் இரவில் பிராஸோஸ் பெண்ட் பூங்காவில், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போக நானே செய்த டிரெய்லருக்குள் மனைவியும் நானும் இரண்டு மணி வரை புரண்டோம். அப்புறம் காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே விடிய வைத்தோம். வெளியே காலாற நடக்கலாம் என்றால் அந்தப் பூங்கா முதலைகளுக்குப் பேர்போனது.

டிரெய்லர் 5 அடி அகலம், 8 அடி நீளம், 4 அடி உயரம். கண்ணீர்த்துளி வடிவம். முன்பக்கம் படுக்கை, பின்பக்கம், தூக்கித் திறக்கும் கதவுக்குள் சமையல் மேடை. அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் இருந்தவர் என்பதால் பிளைவுட்டும் அலுமினியத் தகடும் எனக்குப் பழக்கம். ஏசிதான் புதுசு. முதல் தடவை தப்பாக வைத்து, பிரித்து, மறுபடி வைத்தேன். இரண்டாம் தடவை செய்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் எந்த ஏசி. கடையில் கிடைப்பதிலேயே சின்ன விண்டோ ஏசியை வாங்குங்கள்: 5,000 பிடியூ (குளிரூட்டும் திறனுக்கான அளவு). 12,000 பிடியூ என்பது ஒரு டன், அப்படிப் பார்த்தால் இது அரை டன்கூட இல்லை. ஆனாலும் இரண்டு பேர் படுக்கும் பெட்டிக்கு இதுவே தாராளம். 8,000 வாங்கினால் ஐந்தே நிமிடத்தில் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரத்தை உறிஞ்ச நேரம் இருக்காது. குகைக்குள் படுத்த மாதிரி சில்லென்று பிசுபிசுக்கும். பெரிய கேரவன்களின் கூரையில் உட்காரும் 13,500 பிடியூ ஏசியின் எடையை நம் பிளைவுட் கூரை தாங்காது. குழாய் வைத்த போர்ட்டபிள் ஏசி பாதிப் படுக்கையைத் தின்றுவிடும். ரிமோட் உள்ளதைவிடத் திருகும் குமிழ் உள்ளது நல்லது: கரண்ட் போய் வந்தால் தானே ஓட ஆரம்பிக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. வீட்டு ஜன்னலில் வைக்கும்போது அதன் முதுகு தெருவைப் பார்க்கும், கவலை இல்லை. டிரெய்லரில் அழகு கெடக்கூடாது என்று முழு ஏசியையும் சமையல் அலமாரிக்குள் தள்ளினேன். சூடு போகட்டும் என்று பின்கதவில் இரண்டு விரல் இடைவெளியும் விட்டேன். கால் மணி நேரம் நன்றாக ஓடியது. அப்புறம் காற்று மட்டும் வந்தது, குளிர் வரவில்லை. வெளியே 34 டிகிரி. அலமாரிக்குள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் 51. கம்ப்ரசர் சூடு தாங்காமல் தானே நின்றிருந்தது.

வீடியோ காலில் அப்பாவிடம் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, மூச்ச இழுக்கற எடத்துலயே விட்டா அதையேதான மறுபடி இழுக்கும்?" என்றார்.

அதுதான் கோளாறு. சின்ன விண்டோ ஏசியின் பின்பாதியைப் பாருங்கள்: பக்கவாட்டில், சிலவற்றில் மேலேயும், வரிவரியாகக் கீறல்கள் இருக்கும். காற்று அது வழியாக உள்ளே போகும். பின்முதுகில் உள்ள கண்டென்சர் (சூட்டை வெளியே விடும் குழாய் வலை) வழியாகச் சூடாக வெளியே வரும். இந்த இரண்டு காற்றும் கலக்கவே கூடாது.

நான் செய்தது இது. படுக்கைக்கும் சமையல் பகுதிக்கும் நடுவே உள்ள பலகையில், மேடைக்குக் கீழே துளை போட்டு, ஏசியின் முகம் படுக்கைப் பக்கம் வருமாறு வைத்தேன். கண்டென்சரின் ஓரம் நாலு பக்கமும் ஒட்டி உட்காருகிற மாதிரி ஒரு பிளைவுட் சட்டம். சட்டத்துக்கும் ஏசித் தகட்டுக்கும் நடுவே கதவு இடுக்குக்கு ஒட்டும் ஃபோம் பட்டை. சட்டத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி, உள்புறம் அலுமினியத் தாள் ஒட்டிய தெர்மாகோல் அட்டை, மூலைகளில் அலுமினிய டேப். அந்தப் பெட்டி வலப்பக்கச் சுவரில் 12க்கு 14 அங்குல ஓட்டையில் போய் முடிகிறது, அங்கே சாய்ந்த தகடுகள் கொண்ட வென்ட். சூடு அவ்வழியே நேராக வெளியே. காற்று உள்ளே வர, ஏசி இருக்கும் அறையின் தரையில் 6க்கு 14 அங்குலத் திறப்பு. சூடான காற்று மேலே ஏறும், அதனால் கீழே இழுக்கும் வாய்க்குத் திரும்பி வராது. திறப்பு சக்கரத்துக்கு நேர் பின்னால் வேண்டாம், சேறு அடிக்கும்.

வெளியேறும் பாதை எந்த இடத்திலும் கண்டென்சரின் பரப்பைவிடக் குறுகக் கூடாது. உள்ளே வரும் திறப்பும் அந்தக் கீறல்களின் மொத்தப் பரப்பைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. கஞ்சத்தனம் காட்டினால் கம்ப்ரசர் அழும்.

முடித்ததும் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திச் சட்டத்தின் ஓரமெல்லாம் மெதுவாகக் கொண்டுபோனேன். ஒரு மூலையில் புகை சட்டென்று வளைந்து கீறலுக்குள் ஓடியது, டேப்பால் அடைத்தேன். அன்று வெளியே 34, கீறல் பக்கத்துத் தெர்மாமீட்டர் 36. இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் எங்கோ கலக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து தண்ணீர். ஹூஸ்டன் ஈரத்துக்கு ஒரே இரவில் செம்பு செம்பாக வடியும். ஏசியின் பின்பக்கம் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்து இருக்கட்டும். அடித்தட்டின் வடிகாலிலிருந்து சின்ன ரப்பர் குழாயைத் தரை வழியே வெளியே விடுங்கள். நான் இதையெல்லாம் சரியாகச் செய்தும் கால்வெஸ்டன் என்ற கடலோர ஊரில் மெத்தை நனைந்தது. டிரெய்லரை மூக்கு தாழ நிறுத்தியிருந்தேன், அவ்வளவுதான். இப்போது ரசமட்டம் வைக்காமல் ஜாக்கை விட்டுக் கையை எடுப்பதில்லை.

ஏசியை முகப்பு பிளாஸ்டிக்கில் தொங்கவிடாதீர்கள். 18 மில்லி பிளைவுட் தட்டு, மேலே ரப்பர் துண்டுகள், அடித்தட்டை ஆங்கிளோடு இறுக்க நாலு ஸ்குரூ. துளை போடும் முன் மூடியைக் கழற்றிக் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று கண்ணால் பாருங்கள். இப்போது வரும் பல ஏசிகளில் ஆர்-32 வாயு, அது தீப்பிடிக்கும் வகை.

ஏசி 18 கிலோ. சக்கர அச்சுக்குப் பின்னால் வைப்பதால் முன்கொக்கியில் விழும் பாரம் குறையும். அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும், குறைந்தால் ஹைவேயில் டிரெய்லர் வாலாட்டும். குளியலறை எடைமேடையைக் கொக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன்: 62 கிலோ இருந்தது 54 ஆகிவிட்டது. மொத்த எடை 540, சரியாக விளிம்பு. பேட்டரியை முன்னால் நகர்த்தினேன்.

கரண்ட் பற்றி ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏசி ஓடும்போது சுமார் 450 வாட், 115 வோல்ட்டில் 4 ஆம்பியர். கிளம்பும்போது சில நொடி அதைவிடப் பல மடங்கு. கேம்ப் மைதானத்தின் கரண்ட் கம்பத்தில் 30 ஆம்பியர் பாயிண்ட் இருந்தால், டிரெய்லருக்குள் 15 ஆம்பியர் பிரேக்கர் அவசியம், எர்த்தும் அவசியம். வெளி ஒயர் 10 கேஜ். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் சூடேறும். கரண்ட் இல்லாத காட்டுக்குப் போகிறீர்களா? 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் 1,280 வாட்-மணி. விடாமல் ஓடினால் இன்வெர்ட்டர் இழப்பு போக இரண்டரை மணி நேரம். தூங்கப் போகும்போது பெட்டியைக் குளிரவைக்க அது போதும், விடியும்வரை வராது. ஜெனரேட்டர் வைத்தால் 20 அடிக்கு அப்பால், காற்று டிரெய்லர் பக்கம் வீசாத திசையில் வையுங்கள்; உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் படுக்கவே கூடாது. ஏசி ஓடினாலும் கூரை வென்ட்டை ஒரு விரல் திறந்து வையுங்கள். இரண்டு பேர் மூச்சுக்கு அந்தப் பெட்டி ரொம்பச் சின்னது.

போன குளிர்காலத்தில் டிரெய்லர் நாலு மாதம் சும்மா நின்றது. ஏப்ரலில் வென்ட்டைத் திறந்தால் உள்ளே முஷ்டி அளவுக்குக் குளவி மண்கூடு. இப்போது நிறுத்தும்போது இரண்டு துளைக்கும் பலகை மூடி போடுகிறேன். மூடியோடு ஏசியைப் போட்டுவிடக் கூடாதே என்று மனைவி அதன் மேல் சிவப்பு நாடா கட்டி, மார்க்கரில் எழுதியும் வைத்திருக்கிறாள்: "முதல்ல என்னைக் கழட்டு."