பித்தளை அடாப்டர் வாங்கும்போது விட்டத்தை மட்டும் நம்பாதீர்கள்

கேபிள் கிளாண்டுக்கு (மின்பெட்டிக்குள் கேபிள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் உறுப்பு) பித்தளை அடாப்டர் (ஒரு மரை வகையை இன்னொன்றோடு இணைக்கும் துண்டு) வாங்க கொழும்பு பழைய சோனகத் தெருவுக்குப் போகுமுன், மரையின் விட்டத்தோடு மரை இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். ஒரு மரை முகட்டிலிருந்து ஐந்து மரை தள்ளியுள்ள முகடு வரை வேர்னியர் அளவுகோலால் அளந்தால் எம்20 என்ற மெட்ரிக் மரைக்கு 7.5 மி.மீ., பிஜி13.5 என்ற பழைய ஜெர்மன் மரைக்கு ஏறக்குறைய 7, அரை அங்குல என்பிடி என்ற அமெரிக்கக் குழாய் மரைக்கு 9 வரும்.

எம்20-இன் வெளிவிட்டம் 20 மி.மீ., பிஜி13.5-இனது 20.4. கண்ணால் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மாற்றிப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறி இறுகிவிடும், சரியாகப் பொருந்தியது போலவே இருக்கும். ஆனால் பிடிமானமும் இராது, தண்ணீரும் உள்ளே போகும். என்பிடி நுனி நோக்கிக் கூம்புவதால், அதற்கு விட்டத்தை விட இடைவெளிதான் நம்பகம்.

பெட்டி அலுமினியம் என்றால் நிக்கல் பூசிய பித்தளையையே கேளுங்கள். கொழும்பின் கடற்காற்றில் வெறும் பித்தளை தொடும் இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும்.

பெட்ரோல், எரிவாயு, பெயின்ட் ஆவி உள்ள இடங்களுக்கு இந்த அளவு மட்டும் போதாது. அங்கே வெடிப்புத் தடுப்புச் சான்றிதழ் உள்ள அடாப்டர்தான் வேண்டும், மரை எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினாலும் சரி.