மலைக்குளிரில் ஐஸ் குளியல்: எங்கே தவறுகிறோம்?

டிசம்பர் பிறந்துவிட்டால் தலைகுந்தாவிலும் காந்தலிலும் விடியற்காலையில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். அந்த உறைபனியைப் பார்க்க ஊட்டிக்கு வருகிறவர்களில் சிலர் இப்போது ஐஸ் குளியலையும் சேர்த்துத் திட்டமிடுகிறார்கள். காட்டேஜ் முற்றத்தில் ஒரு டிரம், அதில் மூட்டை ஐஸ், பக்கத்தில் போனில் டைமர். கொடைக்கானல் பக்கம் என்றால் ஓடையிலோ அருவித் தேக்கத்திலோ கழுத்தளவு இறங்கி நிற்பது. குளிரால் உடம்புக்குக் கொஞ்சம் நன்மை உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் தண்ணீருக்குள் எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தோம் என்பதை மட்டுமே எல்லாரும் எண்ணுகிறார்கள். உயிருக்கு ஆபத்து அதிகம் இருப்பது இறங்கிய முதல் நிமிடத்திலும், வெளியே வந்த பிறகான அரை மணி நேரத்திலும்.

முதலில் ஒரு தப்புக்கணக்கைச் சரிசெய்துவிடலாம். "கிரையோதெரபி அறையில் மைனஸ் 110 டிகிரியில் நிற்கிறார்கள், 10 டிகிரி தண்ணீர் என்ன செய்துவிடும்?" என்று பலர் கேட்கிறார்கள். கிரையோதெரபி எனப்படும் முழு உடல் குளிர் சிகிச்சை 1970களின் இறுதியில் ஜப்பானில் தொஷிமா யமவுச்சி என்ற மருத்துவர், முடக்குவாதக்காரர்களின் மூட்டுவலிக்காகத் தொடங்கியது. அந்த அறையில் இருப்பது காய்ந்த காற்று. அதில் இரண்டு மூன்று நிமிடம் நின்றால் தோல் நன்றாகக் குளிரும், உள்ளுறுப்புகளின் வெப்பம் பெரிதாக இறங்காது. தண்ணீரோ காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். அதனால் இந்த இரண்டு டிகிரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது.

அந்த அறையும் முழுப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. திரவ நைட்ரஜனால் குளிரூட்டும் கூண்டுகளில் நைட்ரஜன் கசிந்து பரவினால் மூச்சுவிட ஆக்சிஜன் இருக்காது. 2015இல் அமெரிக்காவின் நெவாடாவில், வேலை நேரம் முடிந்த பிறகு தனியாக உள்ளே போன பணியாளர் ஒருவர் இறந்தார். அடுத்த ஆண்டே அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம், இந்தக் கருவிகள் எதற்கும் தான் மருத்துவ ஒப்புதல் தரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. ஈரத் தோலோடும் வியர்வையோடும் உள்ளே போனால் பனிப்புண் வரலாம். நகரத்தில் எங்காவது இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, டிரம்முக்கு வருவோம். குளிர்ந்த தண்ணீர் சட்டென்று தோலில் படும்போது நம்மை அறியாமலேயே ஒரு பெருமூச்சு உள்ளே இழுக்கும். அதைத் தொடர்ந்து மூச்சு தாறுமாறாக வாங்கும், நெஞ்சு படபடக்கும், ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். இதைக் குளிரதிர்ச்சி என்கிறார்கள். ஏறக்குறைய முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடத்தில் தணியும். அந்த முதல் மூச்சு இழுக்கும்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூட மூழ்குவது இப்படித்தான். ஆகவே குதிக்கவே குதிக்காதீர்கள். முகத்தை முக்குவதும் வேண்டாம்: முகம் நனைந்தால் இதயத்துடிப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு நரம்புக் கட்டளை போகும், தோல் குளிர்ந்தால் கூட்டச் சொல்லி இன்னொன்று போகும். இரண்டும் ஒரே நேரத்தில் மோதும்போது துடிப்பின் தாளம் தவறலாம். ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவருக்கு இது உயிரை வாங்கிவிடும்.

மலைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். இங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. இரவெல்லாம் வண்டியில் வந்து, சரியாகத் தூங்காமல், காலையில் முதல் வேலையாகக் குளிர்நீரில் இறங்குவது உடம்பின் மேல் சுமைக்கு மேல் சுமை ஏற்றுவது. ஒரு நாளாவது மலையில் இருந்து பழகிய பிறகு யோசியுங்கள்.

ஐஸ் வாங்கிப் போடுவது பணத்துக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. குளிரதிர்ச்சி வலுவாக வர 10 முதல் 15 டிகிரி தண்ணீரே போதும். ஜனவரிக் காலையில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் தானாகவே அந்த அளவுக்கு வந்திருக்கும். அதற்கும் மேல் குளிரவைத்தால் கை கால் விரைவாக மரத்துப்போகும், வெளியே ஏறப் பிடிமானம் இருக்காது. பலன் அதனால் கூடப்போவதில்லை.

இறங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடும் பயிற்சியைத் தண்ணீர் பக்கத்திலேயே செய்கிறார்களே, அது மிகவும் கவலைப்பட வேண்டிய பழக்கம். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மயக்கம் வரலாம். அதுவும் அருவித் தேக்கத்தில் என்றால் ஒரு நொடி போதும். கொடைக்கானல் ஓடைகளிலும் பைக்காரா பக்கமும் பாறை வழுக்கும், ஆழம் கண்ணுக்குத் தெரியாது. தடைப் பலகை இருக்கிற இடத்தில் இறங்கவே வேண்டாம்.

இனி, யார் இதைத் தொடவே கூடாது என்பது. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, குளிரில் விரல் வெளுக்கும் ரேனாட் நோய், குளிர் பட்டால் தடிப்பு எழும் ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லாரும் விலகியே இருக்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் அப்படியே. நீலகிரியில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தியாவில் அரிவாள் செல் குறைபாடு முதன்முதலாக 1952இல் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து சிறு குழாய்களை அடைக்கும் பரம்பரைக் குறைபாடு அது. குளிர் பட்டால் கடும் வலி தாக்குதல் வரலாம். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி இளைஞர்களைச் சவாலுக்கு இழுத்துத் தண்ணீரில் இறக்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களில் சிலருக்குத் தங்களுக்கு அந்தக் குறைபாடு இருப்பதே தெரியாமல் இருக்கலாம்.

பலன் என்னவென்றும் பார்த்துவிடுவோம். குளிர்நீர் பட்டதும் நோர்அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரப்பு பல மடங்கு ஏறும், அந்தச் சுறுசுறுப்பும் தெளிவும் உண்மை. தசைவலியும் கொஞ்சம் மட்டுப்படும். நெதர்லாந்தில் 3,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2016இல் வெளியான ஆய்வில், வெந்நீர் ஷவரின் முடிவில் 30 முதல் 90 நொடி குளிர்நீரில் நின்றவர்கள் உடம்பு சரியில்லை என்று வேலைக்குப் போடும் மட்டம் 29 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்கள் நோயாக இருந்த நாட்கள் குறையவில்லை. 30 நொடிக்கும் 90 நொடிக்கும் வித்தியாசமும் தெரியவில்லை. ஆக, குளியலறை ஷவரில் அரை நிமிடம் நின்றாலே அந்தப் பலன் கிடைத்துவிடுகிறது. ஜிம் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: எடை தூக்கிய கையோடு 10 டிகிரி தண்ணீரில் 10 நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு 12 வாரத்தில் தசை வளர்ச்சி குறைவாகவே இருந்தது என்று 2015இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. தசை வளர்க்க ஆசைப்பட்டால் அன்றைக்கு ஐஸ் வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் செய்தே தீருவேன் என்றால், டாக்டரிடம் ஒருமுறை பி.பி., ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டு, பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு, காலில் தொடங்கி மெதுவாக இறங்குங்கள். மூச்சு சீராகாவிட்டால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். தொடக்கத்தில் ஓரிரு நிமிடமே அதிகம்.

வெளியே வந்ததும் ஆபத்து முடிந்தது என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. குளிர்ந்த கை கால்களின் ரத்தம் நடுவுடம்புக்குத் திரும்பத் திரும்ப, உள்வெப்பம் இன்னும் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். நடுக்கம் பலருக்கு அப்போதுதான் தொடங்கும். ஈரத்தை உடனே துடைத்து, காய்ந்த உடை, குல்லா, கம்பளி போட்டுக்கொண்டு சூடாக ஏதாவது குடிக்க வேண்டும். நேராகக் கொதிக்கிற வெந்நீருக்குள் போகக் கூடாது: மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றும். மது சூடேற்றுவது போலத் தோன்றும், ஆனால் தோலுக்கு ரத்தத்தைத் தள்ளி மிச்சச் சூட்டையும் வெளியே விட்டுவிடும். விரல் இயல்புக்கு வராமல் பைக்கை எடுத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்காதீர்கள்.

அப்புறம் அந்தக் கரி அடுப்பு. குளிர் தாங்காமல் பார்பிக்யூ கரியை அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்து, காலையில் எழாமலே போனவர்கள் கொடைக்கானலில் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. கரி வெளியிலேயே இருக்கட்டும், அறைக்குள் கம்பளி போதும்.

குளித்தவருக்குப் பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, அல்லது சூடாகாமலே நடுக்கம் நின்றுவிட்டது என்றால் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கை காலைத் தேய்க்காதீர்கள், நடக்கவும் விடாதீர்கள். படுக்கவைத்து, ஈர உடையைக் களைந்து, தலையோடு சேர்த்துப் போர்த்தி, 108ஐக் கூப்பிடுங்கள். மலைப்பாதையில் வண்டி வந்து சேர நேரம் பிடிக்கும். சந்தேகம் வந்த உடனேயே கூப்பிட்டுவிடுங்கள்.