எஃப்-1 வேண்டுமா, ஜே-1 வேண்டுமா? அமெரிக்காவில் மேற்படிப்புக்குக் கிளம்புகிறவர்களுக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கையோடு பலரும் விசா விண்ணப்பத்தைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். எந்த விசா என்பது அதற்கு முன்பே முடிவாகிவிடும். பல்கலைக்கழகம் ஐ-20 என்ற படிவம் அனுப்பினால் எஃப்-1 (மாணவர் விசா), டிஎஸ்-2019 என்ற படிவம் அனுப்பினால் ஜே-1 (பரிமாற்றத் திட்ட விசா). ஆகவே அந்தக் காகிதத்தைக் கேட்கும்போதே யோசித்துக் கேளுங்கள். எம்-1 என்றும் ஒன்று உண்டு. அது தொழிற்பயிற்சிக்கு, நமக்கு வேண்டாம்.

படி 1: பணம் யார் தருகிறார்கள்?

அப்பாவின் சேமிப்பு, வங்கிக் கடன் என்றால் எஃப்-1தான். ஜே-1 கேட்க வேண்டுமானால் செலவில் கணிசமான பங்கு வெளியிலிருந்து வர வேண்டும்: உதவித்தொகை, அசிஸ்டன்ட்ஷிப் (பல்கலைக்கழகத்தில் கற்பித்தல், ஆய்வுப் பணிக்குத் தரும் நிதி), அரசு நிதி. ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகையில் போகிறவர்களுக்கு ஜே-1. அசிஸ்டன்ட்ஷிப்போடு பிஎச்.டி. சேருகிறவருக்குத்தான் பெரும்பாலும் இரண்டு கதவும் திறந்திருக்கும். அவர் கட்டாயம் அடுத்த படிகளையும் வாசிக்க வேண்டும்.

படி 2: இரண்டு வருட விதி

என் பார்வையில் இதுதான் முக்கியம். இது ஜே-1க்கு மட்டுமான விதி. இதற்குள் வந்துவிட்டால், படிப்பு முடிந்து சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு வருடம் இருந்தாக வேண்டும். விலக்கு கிடைத்தால் தவிர, அதுவரை எச்-1பி, எல்-1 போன்ற வேலை விசாக்கள், கிரீன் கார்டு (நிரந்தரக் குடியுரிமை அட்டை) எதுவும் கிடையாது. அமெரிக்க அரசோ நம் அரசோ படிப்புக்குப் பணம் தந்திருந்தால் விதி பாயும். திறன் பட்டியல் (ஒவ்வொரு நாட்டுக்கும் தேவைப்படும் துறைகளை அமெரிக்கா குறித்து வைத்திருக்கும் பட்டியல்) என்று இன்னொரு காரணமும் உண்டு. 2024 டிசம்பரில் இந்தியா அதிலிருந்து நீக்கப்பட்டது, பலருக்குப் பெரிய நிம்மதி.

டிஎஸ்-2019 கைக்கு வந்ததும் முதல் பக்கத்தின் அடியில் இடது மூலையைப் பாருங்கள். விதி பொருந்துமா என்று தூதரக அதிகாரி குறிக்கும் சின்னக் கட்டம் அங்கே இருக்கும். நேர்காணல் முடிந்து பாஸ்போர்ட் திரும்பி வந்தால் விசா ஸ்டிக்கரில் எழுதியிருப்பதையும் வாசியுங்கள்.

படி 3: படித்து முடித்து வேலை

எஃப்-1இல் ஓபிடி, அதாவது படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டம் என்றால் இன்னும் 24 மாதம். ஜே-1இல் இதே போன்ற அனுமதிக்கு அகடமிக் டிரெயினிங் என்று பெயர்; அது 18 மாதம் வரை, பிஎச்.டி. முடித்துப் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) செய்கிறவர்களுக்கு 36 மாதம் வரை. எம்.எஸ். கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறவருக்கு எஃப்-1 தெளிவாக மேல்.

படி 4: திருமணமானவரா?

எஃப்-1காரரோடு எஃப்-2 விசாவில் வருகிற கணவனோ மனைவியோ வேலை பார்க்க முடியாது. ஜே-1காரரோடு ஜே-2வில் வந்தால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இங்கே நல்ல வேலையை விட்டுவிட்டு உடன் கிளம்புகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

படி 5: கட்டணம்

செவிஸ் (வெளிநாட்டு மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் அமெரிக்க அரசின் அமைப்பு) கட்டணம் எஃப்-1க்கு 350 டாலர், ஜே-1க்கு 220. இந்த 130 டாலரைப் பார்த்து விசாவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

சரி, எல்லாம் யோசித்தாயிற்று என்றால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எனக்கு வரும் நிதி அரசுப் பணமா, எந்தக் காகிதம் தரப் போகிறீர்கள் என்று இரண்டே கேள்வி. எழுத்தில் பதில் வந்த பிறகு செவிஸ் கட்டணத்தைக் கட்டுங்கள்.