கார்பன் எஃகுக் கத்திக்குக் காப்புப் பூச்சு: முதலில் கருமை, பிறகு எண்ணெய்

சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். அந்தக் காற்றில் கார்பன் எஃகுக் கத்தியையோ அரிவாள்மணையையோ கழுவிவிட்டுத் துடைக்காமல் வைத்தால், சீக்கிரமே செம்புள்ளி தெரியும். துருப்பிடிக்காத எஃகில் ஏறக்குறைய 10.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குரோமியம் இருப்பதால், காப்புப் படலம் தானாகவே உண்டாகிவிடும். கார்பன் எஃகுக்கு அதை நாம்தான் உண்டாக்க வேண்டும். எண்ணெய் மட்டும் பூசினால் இரண்டு தக்காளி நறுக்குவதற்குள் போய்விடும். அதனால் முதல் வேலை, எஃகின்மேல் கருஞ்சாம்பல் படலம் ஏற்றுவது.

பழைய துரு இருந்தால் சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பாட்டில் தக்கையால் தேய்த்து எடுங்கள். புதுக் கத்தியில் பெரும்பாலும் மெல்லிய வார்னிஷ் இருக்கும். அசிட்டோனால் துடைத்தால் போகும். பிறகு பாத்திரச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதற்குப் பின் அலகில் விரல் படக்கூடாது. விரல் பிசுக்குள்ள இடத்தில் அமிலம் ஏறாது, வெள்ளைத் திட்டாக நின்றுவிடும்.

5 விழுக்காட்டு வெள்ளை வினிகரை 45 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அலகு மட்டும் மூழ்கும்படி நிறுத்துங்கள். எஃகில் சிறுகுமிழிகள் ஒட்டும். அவற்றை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டி உதிர்க்காவிட்டால் நிறம் புள்ளி புள்ளியாக ஏறும். 10 நிமிடத்தில் வெளியே எடுத்துக் கழுவி, கையில் ஒட்டும் கரியைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி மூழ்கவிடுங்கள். இரண்டு மூன்று தடவை போதும். ஒரேயடியாக மணிக்கணக்கில் ஊறவிட்டால் படலம் தடிக்காது. அமிலம் எஃகையே தின்று, முனையை மழுக்கிவிடும்.

கடைசியில் அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து அலசுங்கள். பலர் இதை விட்டுவிடுவதால்தான் மறுநாளே ஆரஞ்சுத் தூள் படிகிறது. அப்படிப் படிந்தாலும் கவலை வேண்டாம்: மரப்பிடி நனையாமல் அலகை மட்டும் கொதிநீரில் 10 நிமிடம் வையுங்கள். செந்துரு மேக்னடைட் என்ற கரிய இரும்பு ஆக்சைடாக மாறும். உலர்ந்ததும் சாணை பிடித்துக்கொள்ளுங்கள். முனையில் மட்டும் பளபளப்பு திரும்புவது இயல்பு.

இனி எண்ணெய். நல்லெண்ணெய் காற்றுப்பட்டால் பிசினாக ஒட்டத் தொடங்கும். தேங்காய் எண்ணெய் பரவாயில்லை. தினமும் புழங்கும் கத்திக்குப் போதும். பல வாரம் எடுத்துவைப்பதற்கு, வெட்டுப்பலகைக்குப் பூசும் உணவுத்தர மினரல் எண்ணெய்தான் சிறந்தது, அது சிக்கடிக்காது. பக்கத்துக்கு மூன்று சொட்டு விட்டுத் தடவி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெய் மின்னினால் அதிகம் என்று பொருள். இன்னும் நீடிக்க வேண்டுமானால் 10 கிராம் தேன்மெழுகை 30 கிராம் மினரல் எண்ணெயில், வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்குங்கள். மெழுகு 62 முதல் 64 டிகிரிக்குள் உருகிவிடும், நேரடி நெருப்பு தேவையில்லை. நம் ஊர் வெக்கையில் இதைவிட எண்ணெய் கூடினால் களிம்பு இளகிப்போகும்.

துப்பாக்கிக்குப் பூசும் கருமைத் திரவங்கள் பலவற்றில் செலினியம் கலந்திருக்கும். உணவு படும் அலகில் அவை கூடவே கூடாது. ஈரத்தைப் போக்க அடுப்புத் தீயில் காட்டாதீர்கள்: மெல்லிய முனை நீலம் பாரித்தால் சூடு 300 டிகிரியை எட்டிவிட்டது, பதம் போய்விட்டது.

தோல் உறையில் கத்தியை வைத்துப் பூட்டவேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். குளிர்சாதன அறையிலும் வைக்காதீர்கள். வெளிக்காற்றின் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டியிருப்பதால், 22 டிகிரியில் இருந்த கத்தியைச் சமையலறைக்குக் கொண்டுவந்ததும் வியர்த்துவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில், அடுப்பிலிருந்தும் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் தள்ளி, மூடிய இழுப்பறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதே நல்லது. ஜெல் நிறம் மாறியதும் புதுப்பொட்டலம் போடுங்கள்.