குட்டிக்குப் பல் விழும் பருவம்: கோரைப்பல்லை மறக்காதீர்கள்

நாய்க்குட்டி நாலு மாதத்தைத் தொட்டதும் செருப்பு, கட்டில் கால், உங்கள் விரல் எதையும் விடாது. 28 பால் பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் வரும் காலம் இது. ஏழு மாதத்துக்குள் முடிந்துவிடும். விழுந்த பல்லைக் குட்டி விழுங்கினாலும் கெடுதல் இல்லை. பொம்மையில் லேசான ரத்தக்கறை சகஜம்.

1. ஈறு அரிப்புக்கு: பருத்தித் துணியை நனைத்து, முறுக்கி முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். விறைத்ததும் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். நூல் பிரிந்தால் உடனே வாங்கிவிடுங்கள். விழுங்கிய நூல் குடலில் சிக்கும். ரப்பர் பொம்மை என்றால் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழ வேண்டும். ஆட்டு எலும்பு வேண்டவே வேண்டாம், மேல் கடைவாய்ப்பல் பட்டையாகப் பிளந்துவிடும்.

2. கோரைப்பல் (முன்பற்களுக்கு இருபுறமும் உள்ள கூர்மையான பல்): பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஐந்தாம் மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள். பால் கோரை ஊசி மாதிரி இருக்கும், புதியது தடிமனாக இருக்கும். மேல்தாடையில் புதுப்பல் பழையதற்கு முன்னாலும், கீழ்த்தாடையில் உள்பக்கமாகவும் முளைக்கும். இரண்டும் ஜோடியாக நின்றால் பழையது தானாக விழும் என்று காத்திருக்காதீர்கள். கீழ்க்கோரை உள்ளே தள்ளப்பட்டு அண்ணத்தில் குத்தும்; இடுக்கில் சோறும் முடியும் அடைந்து நாறும். பொமரேனியன், ஷிட்ஸூ போன்ற சின்ன இனங்களில் இது அதிகம். குறடு எடுத்து நீங்களே பிடுங்கவும் கூடாது. வெளியே தெரிவதைவிட வேர் நீளம். பாதியில் ஒடிந்தால் உள்ளே சீழ் பிடிக்கும். கால்நடை மருத்துவர் மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். 'கருத்தடை ஆபரேஷனோடு சேர்த்துக்கொள்ளலாமா' என்று கேட்பவர்களுக்கு: ஆபரேஷன் நாள் நெருக்கத்தில் இருந்தால் சரி, அதற்காகப் பல் எடுப்பதை மாதக்கணக்கில் தள்ளாதீர்கள்.

3. துலக்கும் பழக்கம்: முதல் வாரம் விரலால் உதட்டைத் தூக்குவது மட்டும். அடுத்த வாரம் விரலில் ஈரத்துணி சுற்றித் தேய்ப்பது. பிறகு குழந்தைகளின் மெல்லிய பிரஷ். விரலில் மாட்டும் சிலிக்கான் பிரஷ்ஷைவிட இதுதான் ஈறோரத்தில் நன்றாக இறங்கும். ஈறை நோக்கி 45 டிகிரி சாய்த்து வெளிப்பக்கம் தேய்த்தால் போதும். ஆடும் பல்லைத் தொடாதீர்கள். பேஸ்ட் நாய்களுக்கானதாக இருக்கட்டும். நம் பேஸ்ட்டை அது துப்பாது, விழுங்கும்; சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) கலந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. தினமும் துலக்குங்கள், படிந்த அழுக்கு இரண்டு மூன்று நாளில் கல்லாக இறுகத் தொடங்கும்.

இன்னொன்று: விளையாட்டாகக் கடித்து உங்களுக்குத் தோல் கிழிந்தால், தடுப்பூசி போட்ட குட்டி என்றாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.