பழைய நாணயம் அசலா போலியா? வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி

அரிதான பழைய நாணயம் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் அதையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். ஆனால் அசல் எப்படி இருக்கும் என்று பழகாத கண்ணுக்குப் போலி பிடிபடவே பிடிபடாது. அதனால் எந்தக் காலத்து நாணயத்தைச் சேர்க்க ஆசைப்படுகிறீர்களோ, அதே வகையில் சுலபமாகக் கிடைக்கிற சாதாரண ஆண்டு நாணயங்கள் நாலைந்தை நம்பகமான இடத்தில் வாங்கி, ஒரு மாதமாவது கையில் வைத்துப் பழகுங்கள். அரிதானது அப்புறம்.

0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, விட்டத்தை அளக்கும் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்னதாக ஒரு வலுவான காந்தம், நூல், ஒரு கப் தண்ணீர். இவ்வளவு போதும். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எந்தச் சோதனையிலாவது நாணயம் தெளிவாகத் தோற்றால் அதை விட்டுவிடலாம், ஆனால் ஒன்றில் தேறிவிட்டது என்பதற்காக அது அசல் ஆகிவிடாது.

1. முதலில் காகிதத்தில் எழுதுங்கள்

அந்த நாணயத்தின் எடை, விட்டம், உலோகம், எந்த ஆண்டு எந்த நாணயச்சாலையில் அடித்தார்கள் என்பதை நல்ல பட்டியல் ஒன்றில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மார்கன் டாலர் என்றால் 26.73 கிராம், 38.1 மில்லிமீட்டர், 90 சதவீதம் வெள்ளி, 1878 முதல் 1904 வரை, பிறகு 1921இல். பிரிட்டிஷ் சவரன் என்றால் 7.98 கிராம், 22.05 மில்லிமீட்டர், 22 காரட். அப்படி ஓர் ஆண்டே பட்டியலில் இல்லாத நாணயங்களும் விற்பனைக்கு வருகின்றன, அவை இங்கேயே கழிந்துவிடும்.

2. எடை, அளவு

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. புழக்கத்தில் தேய்ந்த நாணயம் எடை குறையுமே தவிர அதிகமாகாது. அதனால் குறிப்பிட்ட எடையைவிடக் கணிசமாக அதிகம் காட்டினால் சந்தேகப்படுங்கள். தேய்மானமே இல்லாமல் பளபளவென்று இருந்துகொண்டு அரை கிராம் குறைந்தாலும் சந்தேகம்தான்.

3. காந்தம்

தங்கம், வெள்ளி, செம்பு எதுவும் காந்தத்தில் ஒட்டாது. 1943ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் இதற்கு நல்ல உதாரணம். போர்க்காலம் என்பதால் அந்த வருடம் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள், தவறுதலாகச் செம்பில் விழுந்தவை மிகச் சில. அந்தச் சிலவற்றின் பெயரில் செம்பு முலாம் பூசிய எஃகுக் காசுகள் எத்தனையோ சுற்றுகின்றன, காந்தம் வைத்தால் டப்பென்று ஒட்டிக்கொள்ளும். 1948ஆம் வருடத்துக் காசில் 8ஐச் செதுக்கி 3 ஆக்குவதும் உண்டு, அது செம்பு என்பதால் காந்தத்துக்குத் தப்பிவிடும். அதைப் பிடிக்க, அசல் என்று உறுதியான 1943 காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்து அந்த 3இன் வடிவத்தை ஒப்பிட வேண்டும்.

4. தண்ணீர்ச் சோதனை

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தராசில் தண்ணீர்க் கப்பை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுசாக மூழ்குகிற மாதிரி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ தொடாமல், தொங்கவிடுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் லேசாக அசைத்து விடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 26.73 கிராம் மார்கன் டாலரைத் தொங்கவிட்டால் சுமார் 2.59 காட்ட வேண்டும், வகுத்தால் 10.3. அதே எடைக்கு வெள்ளி முலாம் பூசிய பித்தளையைச் செய்திருந்தால் 3.1 பக்கம் போய்விடும், ஏனென்றால் பித்தளையின் அடர்த்தி 8.5 அளவில்தான்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. சோதனை சொல்வது உலோகத்தைப் பற்றி மட்டும்தான். ஜெர்மனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) என்றொருவர், பண்டைய நாணயங்களுக்குத் தானே கையால் அச்சு வெட்டி, நல்ல வெள்ளியிலும் தங்கத்திலும் அடித்தார். புதுசு என்று தெரியாமல் இருக்க, அவற்றை இரும்புத் தூளோடு ஒரு பெட்டியில் போட்டு வண்டியில் கட்டி ஓட்டினாராம். அப்படிப்பட்ட போலியிடம் தராசு தோற்றுப்போகும், கண்தான் வேலை செய்ய வேண்டும்.

5. விளிம்பு, திருப்பம்

நாணயத்தை நெட்டுக்குத்தாகப் பிடித்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். நடுவில் மெல்லிய கோடு ஓடினால் இரண்டு பாதிகளை ஒட்டியது, அல்லது அச்சில் வார்த்தது. அதை அரத்தால் ராவி மறைத்திருந்தால் அந்த ராவிய தடமே காட்டிக்கொடுக்கும். அப்புறம் தலைப்பக்கத்தை நேராக வைத்து, மேலும் கீழுமாகப் புரட்டுங்கள். மார்கன் டாலரில் பின்பக்கம் நேராக வர வேண்டும், தலைகீழாக வந்தால் அனேகமாகப் போலி.

6. லென்ஸ்

இங்கே அவசரப்படாதீர்கள். விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து, நாணயத்தை மெதுவாகச் சுழற்றியபடி பாருங்கள். அசல் நாணயம் பெரும் அழுத்தத்தில் அச்சடித்தது, எழுத்து வெறும் பரப்பிலிருந்து கூர்மையாக எழும்பி நிற்கும். வார்த்ததில் அந்த ஓரங்கள் சோப்புக் கட்டி கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசி முனை அளவு குழிகளும் பருக்களும் தெரியும். தேய்மானத்தையும் கவனியுங்கள்: புழங்கிய நாணயம் மேடான இடங்களில் முதலில் தேயும், பள்ளங்களில் தேயாது. எல்லா இடமும் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால் அது புழக்கத்தால் வந்தது இல்லை.

எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் சின்ன எழுத்தை, அதாவது நாணயச்சாலைக் குறியை, தனியாகப் பாருங்கள். 1916இல் அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் அடித்த பத்து சென்ட் வெறும் 264,000 தான், அதனால் அதே ஆண்டின் சாதாரண நாணயத்தில் ஒரு சின்ன ‘டி’ எழுத்தை ஒட்டிவிடுகிறார்கள். எழுத்தின் அடியில் இடைவெளியோ பசைத் தடமோ சுற்றிலும் நிறமாற்றமோ இருக்கிறதா என்று தேடுங்கள்.

7. இரட்டைகளைத் தேடுங்கள்

இதைப் பலர் செய்வதில்லை, எனக்கு அதுதான் வருத்தம். புழக்கத்தில் விழுந்த கீறலும் நசுங்கலும் ஒவ்வொரு நாணயத்துக்கும் தனி. ஒரே அசலிலிருந்து வார்த்த போலிகளில் அந்தக் கீறலும் சேர்ந்தே நகலாகும். அதே ஆண்டு, அதே வகை நாணயங்களின் விற்பனைப் படங்களைத் தேடிப் பார்த்து, உங்களுடையதில் இருக்கும் அதே நசுங்கல் அதே இடத்தில் இன்னொன்றிலும் இருந்தால், உங்களுடையதை வாங்காமல் விடுவதுதான் சரி.

8. சான்றிதழ் உறையில் வந்தால்

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரநிர்ணய நிறுவனங்களின் பிளாஸ்டிக் உறையையும் போலியாகச் செய்கிறார்கள். உறை எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், விற்பவர் அனுப்பும் இணைப்பைத் தொட வேண்டாம். எண் சரியாக வந்தாலும் போதாது, ஏனென்றால் உண்மையான எண்ணைத் திருடிப் போலி உறையில் அச்சடித்திருக்கலாம். அங்கே படம் இருந்தால், அதில் தெரியும் கீறல்கள் கையில் இருக்கும் நாணயத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.