பால் கொடுக்கும் தாய் நாயைக் குளிப்பாட்டும்போதும் சீவும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குட்டி போட்ட நாயைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். வாலடியில் கறை, பின்னங்கால் முடியில் பிசுபிசுப்பு, வயிற்றில் காய்ந்த பால், கிட்டப் போனால் ஒரு வாடை. வெந்நீர் வைத்து ஷாம்பு போட்டு ஒரேயடியாகச் சுத்தம் செய்துவிடலாம் என்று தோன்றும். அக்கறையில் செய்வதுதான், ஆனால் தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. குட்டிகள் அம்மாவின் மேலேயே படுத்து, அதன் தோலையே சப்பி வளர்கின்றன. தாயின் உடம்பில் நாம் எதைத் தடவினாலும் அது குட்டியின் வாய்க்குள் போகும். இதை மட்டும் மறக்காமல் இருந்தால் கீழே சொல்லும் தவறுகளில் பாதி நடக்காது.

முதல் தவறு, முதல் வாரத்திலேயே முழுக் குளியல். பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காது கேட்காது. கண் திறக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். காது அதற்கும் சில நாள் கழித்துத்தான் திறக்கும். அதுவரை அது காம்பைத் தேடிப் போவது மூக்கையும், அம்மாவின் உடம்புச் சூட்டையும் நம்பித்தான். கொஞ்சம் உட்கார்ந்து கவனித்தால் தெரியும்: தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி, மூக்கால் துழாவிக்கொண்டே ஊர்ந்து வந்து காம்பைப் பிடிக்கும். குட்டி போட்ட சில நாட்களில், இரண்டு மடி வரிசைகளுக்கு நடுவே உள்ள தோல் சுரப்பிகள், குட்டிகளை அமைதிப்படுத்தும் ஒரு பொருளையும் சுரக்க ஆரம்பிக்கும். நமக்கு வாடை என்று படுகிற இடத்தில் இதுவும் கலந்திருக்கிறது. அங்கே போய் வாசனை ஷாம்பு போட்டுத் தேய்த்தால் குட்டி தடுமாறும். சில சமயம் தாயும் நிலைகொள்ளாமல் தவிக்கும். பவுடர், நாய்களுக்கான ஸ்ப்ரே, சென்ட் எல்லாமே இதே கணக்குத்தான்.

சூட்டையும் பார்க்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு வாரம் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே சரியாகக் காத்துக்கொள்ள முடியாது. ஈரம் காயாத தாய் வந்து பக்கத்தில் படுத்தால் குட்டி சில்லிட்டுப் போகும். சில்லிட்ட குட்டிக்குச் சரியாகச் சப்ப முடியாது, குடித்த பாலும் செரிக்காது. பிறந்த முதல் வாரத்தில் இது உயிருக்கே ஆபத்து.

கறையைப் பார்த்துப் பயந்துபோய்க் குளிப்பாட்டுபவர்களும் உண்டு. குட்டி போட்ட பிறகு பிறப்புறுப்பிலிருந்து கசிவு வருவது இயல்பு. முதலில் கரும்பச்சையாக இருக்கும், அப்புறம் செம்பழுப்பாக மாறி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுவிடும். குளிப்பாட்டி இதை நிறுத்த முடியாது. ஆனால் துர்நாற்றம் அடித்தால், சீழ் போல வந்தால், கூடவே காய்ச்சலோ சோர்வோ இருந்தால் அது கருப்பையில் தொற்று இருப்பதற்கான அறிகுறி. அப்போது கழுவிவிட்டு நாற்றம் போய்விட்டது என்று இருந்துவிடக் கூடாது. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சரி, அழுக்கோடு அப்படியே விடுவதா? வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி போதும். வாலடி, பின்னங்கால், வயிறு என்று பகுதி பகுதியாக ஒற்றி எடுத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிடலாம். மடிக்கு ஒரு துணி, பின்பக்கத்துக்கு வேறு துணி. ஒரே துணியால் வாலடியைத் துடைத்துவிட்டு அதையே காம்புக்குக் கொண்டுவருவது பலரும் யோசிக்காமல் செய்வது. தொற்றை நாமே மடிக்கு எடுத்துப் போகிறோம். காம்பில் சோப்பும் வேண்டாம். தோல் வறண்டு வெடிக்கும், வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். தரை துடைக்கும் கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து வயிற்றைக் கழுவுவதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. அதைத் தாயும் நக்கும், குட்டியும் சப்பும். காம்பில் புண் இருந்தால்கூட, கையில் கிடைத்த களிம்பைப் பூசாமல் மருத்துவர் சொல்வதை மட்டும் பூசுங்கள்.

சேற்றில் புரண்டோ, வயிற்றுப்போக்கில் உடம்பெல்லாம் பூசிக்கொண்டோ நின்றால் குளிப்பாட்டாமல் முடியாது. அப்படியானால் குட்டிகள் வயிறு நிறையக் குடித்துத் தூங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அவற்றைக் கதகதப்பான பெட்டியில் விட்டுவிட்டு, வெதுவெதுப்பான நீர், வாசனை இல்லாத மென்மையான நாய் ஷாம்பு, அதுவும் அழுக்கான இடத்துக்கு மட்டும். வழுவழுப்பு துளியும் இல்லாமல் அலசி, வேரடி முடிவரை காயவைத்து, பிறகுதான் குட்டிகளிடம் விட வேண்டும். தாய்க்கு ட்ரையர் சத்தம் பழக்கமில்லை என்றால் துண்டு போதும்.

நீளமான முடி உள்ள நாய் என்றால், முடியை வெட்டாமல் விடுவதும் தவறு, வெட்டத் தெரியாமல் வெட்டுவதும் தவறு. காம்பைச் சுற்றிய முடியில் பால் காய்ந்து சிக்காகும். குட்டி காம்பு என்று முடியைச் சப்பிக்கொண்டு கிடக்கும். இதைவிட மோசம், வால் முடியும் தொடை முடியும் நூல் போலத் திரிந்து குட்டியின் காலிலோ கழுத்திலோ சுற்றிக்கொள்வது. இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். அதனால் மடியைச் சுற்றியும், தொடையின் உட்புறமும், வாலடியிலும் முடியைக் குட்டையாக்கிவிடுவது நல்லது. குட்டி போடுவதற்கு ஒரு வாரம் முன்பே செய்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

பால் கொடுக்கும் நேரத்தில் வெட்ட வேண்டி வந்தால் அவசரமே கூடாது. தாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து தடவிக்கொடுக்கட்டும். இன்னொருவர் ஒரு விரலால் காம்பை மூடிக்கொண்டு, மறு கையால் சுற்றியுள்ள முடியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். முனை மழுங்கிய கத்தரி, அல்லது சத்தம் குறைந்த ட்ரிம்மர். ட்ரிம்மரின் பிளேடு சூடாகிவிட்டதா என்று அடிக்கடி கையில் தொட்டுப் பாருங்கள். பால் கட்டிய மடியின் தோல் மெலிந்து இழுபட்டிருக்கும், லேசான சூடும் புண்ணாக்கிவிடும். வழித்து மழமழவென்று ஆக்க வேண்டிய அவசியமே இல்லை. முடிந்ததும் வெட்டிய முடித் துணுக்குகளை ஈரத்துணியால் ஒற்றி எடுக்காமல் தாயைக் குட்டிகளிடம் விடாதீர்கள்.

உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் இருந்தால் பதற்றம் வருவது நியாயம்தான். சின்னக் குட்டிக்குத் தெள்ளுப்பூச்சி அதிகமானால் ரத்தச்சோகையே வந்துவிடும். ஆனால் பதற்றத்தில் எப்போதும் போடும் உண்ணி மருந்தை எடுத்துத் தாயின் முதுகில் ஊற்றுவதுதான் பெரிய ஆபத்து. அமிட்ராஸ் கலந்தவை போன்ற பல மருந்துகள் சின்னக் குட்டிகளுக்கு ஆகாதவை. தாய்க்குப் போட்டது குட்டி மேல் படாமல் இருக்கும் என்று நினைக்க வழியே இல்லை. ‘இயற்கையானது’ என்று விற்கிற டீ ட்ரீ எண்ணெயும் நாய்களுக்கு நஞ்சு. பால் கொடுக்கும் தாய்க்குப் போடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். அதுவரை பேன்சீப்பால் சீவி எடுப்பது, உண்ணியை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுப்பது, படுக்கைத் துணியை அடிக்கடி வெந்நீரில் துவைப்பது, இவையே கைகொடுக்கும்.

வெளியே கூட்டிப்போய்ச் சலூனில் விட்டுவரும் யோசனையைக் குட்டிகள் பால் மறக்கும்வரை தள்ளிப்போடுங்கள். முதல் வாரங்களில் குட்டிகள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குடிக்கும். மூன்று வாரம்வரை தாய் நக்கிக்கொடுத்தால்தான் சிறுநீரும் மலமும் கழிக்கும். தவிர, மற்ற நாய்கள் வந்துபோகும் இடத்திலிருந்து பார்வோ மாதிரி ஒரு கொடிய வைரஸ் தாயின் ரோமத்தில் ஒட்டி வந்தால் போதும், குட்டிகளின் உயிருக்கே ஆபத்து.

சீவுவதும் குட்டிகள் இருக்கும் படுக்கையில் வேண்டாம். நன்றாகப் பழகிய நாய்கூட அங்கே உறுமும், கடிக்கவும் செய்யும். அதைத் திட்டுவதில் நியாயமே இல்லை. அது தானாக எழுந்து வெளியே வரும் நேரத்தில் ஐந்து, பத்து நிமிடம் சீவினால் போதும். குட்டியின் முனகல் கேட்டு அது எழுந்தால் பிடித்து வைக்காமல் விட்டுவிடுங்கள். தாயின் கழுத்துப் பட்டையைப் படுக்கையில் இருக்கும்போது கழற்றி வைப்பது நல்லது, குட்டி மாட்டிக்கொள்ளும். நகத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தாயின் நகம் குட்டியைக் கீறும். குட்டிகளின் ஊசி நகம் மடியைப் பிறாண்டும். முதல் வாரம் முடிந்ததிலிருந்து வாரம் ஒருமுறை குட்டிகளின் நக நுனியை மட்டும் லேசாக வெட்டிவிட்டால் தாய் நிம்மதியாகப் பால் கொடுக்கும்.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு ஒன்று உண்டு: முடியை மட்டும் பார்த்துச் சீவிவிட்டு எழுந்துவிடுவது. தினமும் கை வைக்கிற நேரம் இது. ஒவ்வொரு காம்பாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு மடி மட்டும் சூடாக, கல் போல, சிவந்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால், தொட்டதும் தாய் துள்ளினால், அது மடிவீக்கமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதுபோல, குட்டி போட்ட முதல் நான்கு வாரத்துக்குள், குறிப்பாகச் சிறிய இனத் தாய்க்கு நிறையக் குட்டிகள் இருந்தால், கால்சியம் குறைந்து நடுக்கம் வரலாம். விறைத்த நடை, விடாத மூச்சிரைப்பு, தசைத் துடிப்பு என்று தெரிந்தால் சீப்பைப் போட்டுவிட்டு வண்டியை எடுங்கள். சில மணி நேரத்தில் வலிப்பு வந்து உயிர் போகக்கூடிய நிலை அது.

கடைசியாக, முடி கொட்டுவது. குட்டி போட்டு இரண்டு மூன்று மாதத்துக்குள் தாயின் ரோமம் கொத்துக் கொத்தாக உதிரும். நோய் என்று பயந்து மொட்டையடித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பமும் பால் சுரப்பும் உடம்பில் உண்டாக்கிய மாற்றத்தால் வருவது இது. அரிப்போ, தோலில் புண்ணோ, வட்ட வட்டமாகச் சொட்டையோ இல்லாதவரை கவலைப்பட ஒன்றுமில்லை. உதிர்ந்த முடியைத் தினமும் மெதுவாகச் சீவி எடுத்து, வயிறாரச் சாப்பாடு கொடுத்தால் சில மாதங்களில் புது ரோமம் வந்துவிடும். குட்டிகள் பால் மறந்து, மடியும் வற்றிய பிறகு ஷாம்பு போட்டு ஆசை தீரக் குளிப்பாட்டலாம்.